எண்பத்திநாலு கிலோ

அந்தப் பையை இப்படிக் குடுங்க, நான் மேல வெச்சர்றேன். கண்டக்டரை எதுக்குக் கூப்பிடறீங்க, அவரு டிக்கெட் போடற அவசரத்துல இருக்காரு. பாத்தீங்களா, ஆச்சு. என்னங்க அப்படிப் பாக்கறீங்க? வயசு அறுபத்தொண்ணு. இந்த மாதிரிப் பை இன்னொண்ணு இருந்தாலும் தூக்கி வெச்சுருவனுங்க. முதுகை வளைக்கப்படாது, பையை உடம்போட ஒட்டி வெச்சுக்கணும், காலை நல்லா ஊணிக்கணும். பாதிப் பேரு கையாலதான் தூக்கறோம்னு நெனைச்சுட்டு இருக்கறாங்க.

சன்னலோரம் நீங்களே உக்காருங்க, எனக்குக் காத்து ஆகாது. நான் கோபி வரைக்கும் போகணும். நீங்க நம்பியூரா? சரி, அப்ப ரெண்டு பேருக்கும் பேச்சுத் துணை ஆச்சு. கோயமுத்தூர்ல பையன் வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன். இங்கயே இரும்மான்னுதான் சொல்றான். மருமக தங்கமானவ, குத்தம் சொன்னா வாய் வெந்துரும். ஆனா அவங்க வீட்டுல நான் தொட்டுத் தூக்கறதுக்குன்னு ஒண்ணுமில்லீங்க. தண்ணிக் கேனைக்கூட ஆளு வந்து கவுத்து வெச்சுட்டுப் போயிடறான். சும்மா உக்காந்திருந்தா வெசனம் வந்து நெஞ்சு மேல ஏறிக்குது.

ஊர்ல என்ன பண்றேன்னா கேக்கறீங்க? ஜிம்முக்குப் போறேன். சிரிங்க, பரவால்ல, எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க நடக்கறீங்களா? தெனமுமா? நல்லதுங்க. நானும் நடந்தவதான். நாப்பத்தஞ்சு வயசுல சக்கரை வந்துச்சு, அன்னிக்குப் புடிச்ச நடை. மழையோ பனியோ, ஹைஸ்கூல் மைதானத்தை எட்டு சுத்து சுத்திட்டுத்தான் வீட்டுல காப்பி. டாக்டரு சொல்லுவாரு, வசந்தாமணி, உங்க நெஞ்சு இருபது வயசுப் புள்ளையோட நெஞ்சும்பாரு. எனக்குப் பெருமை தாங்காது. வீட்டுக்கு வந்து எங்கூட்டுக்காரர்கிட்டச் சொல்லுவேன். அவரு பேப்பர்ல இருந்து தலையை எடுக்காம, சரி, இருபது வயசுப் புள்ளை போயி எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொண்டாம்பாரு.

அவரு பேரு சென்னியப்பன். ஈபியில ஃபோர்மேனா இருந்து ரிட்டையர் ஆனவரு. எங்க தெருவுல பேரு சொல்லி யாரும் கூப்பிட மாட்டாங்க, ஃபோர்மேன்தான். நல்ல ஆகிருதி. கம்பம் ஏறி ஏறித் தொடை ரெண்டும் ஒரலாட்ட இருக்கும். கடைசியா ஆபீஸ்ல செக்கப் பண்ணுனப்ப எண்பத்திநாலு கிலோ. அத்தை மகன்தான் எனக்கு, சின்னதுல இருந்து மாமா மாமான்னு கூப்பிட்டுப் பழகினது, கல்யாணத்துக்கு அப்பறமும் அப்படியே நின்னுருச்சு.

போன வருசம் மாசி மாசமுங்க. காலையில நடந்துட்டு வர்றேன், பாத்ரூம்ல தண்ணி ஓடிட்டே இருக்குது. மாமா, பைப்பை நிறுத்துங்கன்னு ரெண்டு தடவை சத்தம் போட்டேன். பதில் இல்லை. போயிப் பாத்தா கீழ கெடக்கறாரு. கண்ணு தொறந்திருக்குது, வாய் ஒரு பக்கம் கோணிப் போச்சு, என்னையவே பாக்கறாரு. கையைப் புடிச்சு இழுக்கறேன், அக்குள்ல கையை விட்டுத் தூக்கறேன், அந்த ஆளு அசையமாட்டேங்கறாரு. வாசப்படி வரைக்குமாவது இழுத்தாப் போதும், போனு ஹால்ல இருக்குது. அவரை விட்டுட்டுப் போனா என் பக்கமே பாக்கற அந்தக் கண்ணு என்ன நெனைக்கும்னு ஒரு பயம். அது முட்டாத்தனந்தான். அந்த நேரத்துல அறிவு எங்கீங்க வேலை செய்யுது. தலையை மடியில தூக்கி வெச்சுட்டுக் கத்திட்டே இருந்தேன். பக்கத்து வீட்டுல கலியாணத்துக்குப் போயிட்டாங்க. பால்காரரு வந்து கேட்டப்பறந்தான் ஆள் சேந்துச்சு.

ஆசுபத்திரியில என்ன சொன்னாங்க தெரியுமா? இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா கையைக் காப்பாத்தி இருக்கலாம்மா. அவங்க சாதாரணமாத்தான் சொன்னாங்க. நான் அன்னிக்குக் காலையில எட்டு சுத்து நடந்துட்டு வந்தவ. மூச்சு வாங்கலை, காலு வலிக்கலை. அந்த நெஞ்சும் அந்தக் காலும் இருந்து, தாலி கட்டுன மனுசனை ஒரு அடி நகத்த முடியலை. அதை நெனைச்சா இன்னிக்கும் எனக்கு ஆறலீங்க.

வலது கை, வலது கால் ரெண்டும் போச்சு. பேச்சும் போச்சு. ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். வேணாம். தண்ணி வேணுமான்னாலும் வேணாம், பையன் வந்திருக்கான்னாலும் வேணாம். அது வேணும்ங்கற வேணாமா, வேண்டாம்ங்கற வேணாமான்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். முகத்தைப் பாத்தே சொல்லிருவேன். முப்பத்தெட்டு வருசம் கூட இருந்தவளுக்கு இது தெரியாதுங்களா.

பையன் கோகுல் ஒரு ஆளை ஏற்பாடு பண்ணுனான். செல்வராசுன்னு, நாப்பது வயசு இருக்கும், நல்ல மனுசன், அவனைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. தூக்குவான், குளிக்க வெப்பான், துணி மாத்துவான். ஆனா அவன் கை பட்டா இவரு சுவத்துப் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. கண்ணுல தண்ணி ஒழுகும். ஊருக்கே லைட்டுப் போட்டுக் குடுத்த மனுசனுங்க. இடுப்புத் துணியை இன்னொரு ஆம்பளை அவுக்கறானேன்னு அவருக்கு உசுரு போகுது. நான் வெளிய நின்னு கேட்டுட்டு இருப்பேன். உள்ள இருந்து வேணாம், வேணாம்னு சத்தம் வரும். அது வேண்டாம்ங்கற வேணாம்.

அப்பறம் செல்வராசு, ஊருல பொண்ணு கலியாணம், ஆடிக்கு மேல நான் வர முடியாதுங்கன்னு சொல்லிப்போட்டான். கோகுல் உடனே ஒரு ஹோம் பாத்துட்டான். கோயமுத்தூர்லதான், ஏசி இருக்குது, நர்சுங்க இருக்காங்க, வாரத்துக்கு ஒரு தடவை நீ வந்து பாரும்மா. இதை எங்க வெச்சுச் சொன்னான்னா, அவரு கட்டிலுக்குப் பக்கத்துலயே உக்காந்து சொன்னான். அவரு இடது கையால என் முந்தானையைப் புடிச்சாரு. அன்னிக்கு ராத்திரி தூங்கற வரைக்கும் விடலை.

நான் சொன்னேன், கண்ணு, ஆடியில யாரும் எடம் மாத்தக் கூடாது, ஆடி கழியட்டும். அதுக்கு அவன் மாமியாளும் ஆமாம்னுட்டாங்க. அவங்க சொன்னாத்தான் அவன் கேப்பான், அது வேற கதை. சரிம்மா, ஆடி முடிஞ்ச மக்யா நாள், ஆவணி ஒண்ணாந்தேதி, வண்டி கொண்டாருவேன், அதுக்குள்ள நீ ஒருத்தியா அப்பாவைத் தூக்கி வீல்சேர்ல உக்கார வெச்சுட்டீன்னா நான் வாயே தொறக்கலைன்னான். முடியாதுன்னு நெனைச்சுத்தான் சொன்னான். அப்பச் சித்திரை மாசம்.

எக்சசைஸ் சொல்லித் தர ஒரு பிசியோ தம்பி வரும். அதுகிட்டக் கேட்டேன். அது சொல்லுச்சு, அம்மா, நடந்து நடந்து உங்க நெஞ்சுதான் பலமாச்சு, கையிலயும் முதுகுலயும் சதை எங்க இருக்குது, இந்த வயசுல பொம்பளைங்களுக்கு எலும்பும் கரையும், சதையும் கரையும், வெயிட்டுத் தூக்குனாத்தான் அது நிக்கும்னு. அதுக்கு எங்க போறதுன்னேன். ஜிம்முக்குத்தான்னு சிரிச்சுது. அது வெளையாட்டுக்குச் சொன்னது. நான் மறுநாளே போயிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல செல்போன் கடைக்கு மாடியில ஒரு ஜிம்மு இருக்குது. பதினோரு மணியில இருந்து ஒரு மணி வரைக்கும் லேடீசுக்கு. செல்வராசு அவரைப் பாத்துக்கற நேரம். பர்வீன்னு ஒரு பொண்ணு அங்க கோச்சு. சேலையில போயி நிக்கறேன். ஓடற மெசினைக் காட்டுச்சு. அது வேண்டாம் கண்ணு, அது எனக்கு நெறைய இருக்குது, ஒரு ஆளைத் தூக்கணும்னேன். எவ்வளவு வெயிட்டும்மான்னு கேட்டுச்சு. எண்பத்திநாலு கிலோன்னேன். அது என்னையும் பாத்துச்சு, சுவத்துக் கண்ணாடியில என்னையும் பாத்துச்சு. அப்ப நான் நாப்பத்தெட்டு கிலோதான் இருந்தேன். ஆனா சிரிக்கலை. அந்தப் புள்ளையோட நல்ல கொணமே அதுதான்.

மொதல் வாரம் வெறும் வெளக்குமாத்துக் குச்சியைக் கையில குடுத்துக் குனிஞ்சு நிமுரச் சொல்லுச்சு. எனக்குக் கோவமான கோவம். கூட்டறதுக்கு எனக்குச் சொல்லித் தர்றியா கண்ணுன்னு கேட்டேன். முதுகு நேரா வரணும்மா, இடுப்பு பின்னால போகணும், அது வராம வெயிட்டுப் போட்டா நீங்க படுத்துக்குவீங்க, அப்பறம் உங்களை யாரு தூக்கறதுன்னுச்சு. அப்பறம் வெறும் கம்பி. அப்பறம் ரெண்டு பக்கமும் சின்னச் சின்னதா வட்டு. உள்ளங்கையெல்லாம் காய்ச்சுப் போச்சு, இதோ தொட்டுப் பாருங்க. தொடையில வலி எடுத்து, கக்கூசுல உக்காந்தா எந்திரிக்க முடியாது. அந்த வலியிலயும் ஒரு சந்தோசம் இருந்துச்சு. எங்கயோ ஒரு எடத்துல வேலை நடக்குதுன்னு.

ஊரு பேசாம இருக்குமா? நங்கையா வந்தாங்க, அவரோட அக்கா. கட்டுனவன் படுத்துக் கெடக்கறான், நீ பேண்ட்டு போட்டுட்டு ஆட்டம் போடப் போறியாக்கும்னு நடு வாசல்ல நின்னு கேட்டாங்க. நடக்கப் போனப்ப யாரும் எதுவும் கேக்கலை பாருங்க. பொம்பளை நடந்து எளைச்சா ஊருக்குச் சந்தோசம். சதை வெச்சா யாருக்கும் ஆகறதில்லை.

அவருகிட்ட மொதல்ல நான் சொல்லலை. ஒரு நாளு, இருவத்தஞ்சு கிலோ அரிசிச் சிப்பத்தைக் கட்டிலுக்கு முன்னால கொண்டாந்து வெச்சேன். மாமா, இதைப் பாருங்கன்னுட்டுத் தூக்கி நிமுந்து நின்னேன். அவரு பாத்தாரு. அப்பறம் சிரிச்சாரு. அரை மூஞ்சிதான் சிரிக்கும், மிச்ச அரை அப்படியே இருக்கும். மாசிக்கு அப்பறம் அன்னிக்குத்தான் சிரிச்சாரு. நான் அடுப்படியில போயி அழுதேன்.

ஆனியில ஒரு நாளு, செல்வராசு கடைக்குப் போன நேரம் பாத்துத் தூக்கிப் பாத்தேன். பிசியோ தம்பி சொல்லிக் குடுத்த மாதிரி அவரு முட்டிக்கு என் முட்டியை அணை குடுத்து, இடுப்புப் பெல்ட்டைப் புடிச்சு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு. பாதி வரைக்கும் வந்துட்டாருங்க. அங்க என் முதுகு தாங்கலை, ரெண்டு பேரும் பொத்துன்னு கட்டில் மேலயே விழுந்துட்டோம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவரு நெஞ்சுல தலையை வெச்சுட்டு, ஏனுங்க மாமா, நீங்க கொஞ்சம் எடை கம்மியா இருந்தா நான் இந்நேரம் தூக்கிருப்பேன், யாரு உங்களை இப்படி மாடாட்ட வளரச் சொன்னதுன்னேன். சும்மா வெளையாட்டுக்கு. அவரு என் தலையைத் தடவிக் குடுத்தாரு. ரெண்டு பேரும் அப்படியே கெடந்தோம், செல்வராசு வந்து கதவைத் தட்டற வரைக்கும்.

அவருக்கு என் மேல அக்கறை வந்ததே அதுக்கப்பறந்தான். அதுக்கு முந்தி இல்லைன்னு சொல்லலை, ஆனா வாய் தொறந்து காட்டற ஆளில்லை அவரு. பர்வீன் என்னையத் தெனமும் ரெண்டு முட்டை, பயறு, கடலைன்னு சாப்பிடச் சொல்லி இருந்துச்சு, சத்து இல்லாம சதை வராதுன்னு. இவரு என்ன பண்ணுவாருன்னா, அவருக்குக் குடுக்கற முட்டையை இடது கையால எடுத்து என் வாயில வெப்பாரு. வேணாம். நீ தின்னுங்கற வேணாம் அது. இட்லி மூணு பிசைஞ்சு ஊட்டப் போனா, ஒரு வாய் வாங்கிக்குவாரு, அடுத்த வாய் என் பக்கம் தள்ளுவாரு. கஞ்சி குடுத்தா ரெண்டு கரண்டி, அதோட உதட்டை மூடிக்குவாரு. மாமா, எனக்கு இருக்குதுங்க, நீங்க சாப்பிடுங்கன்னா கேக்க மாட்டாரு. நான் சாப்பிடற வரைக்கும் என் வாயையே பாத்துட்டு இருப்பாரு. கலியாணம் ஆன புதுசுல ஒரு வாய் ஊட்டுனதில்லீங்க அந்த மனுசன். இந்த வயசுல ஊட்டறாரு. நான் மாட்டேன்னு சொல்லுவனா? சந்தோசமாத் தின்னேன். நாலு கிலோ ஏறிட்டேன்.

ஆமாங்க, கொஞ்சம் வாடுனாரு. படுத்துக் கெடந்தா யாருதான் வாட மாட்டாங்க? செல்வராசு ஒரு தடவை, ஐயா சரியாச் சாப்பிட மாட்டேங்கறாருங்கன்னான். அவனுக்கு என்ன தெரியும். அவன் ஊட்டுனா எப்படிச் சாப்பிடுவாரு?

ஆடி பாதிக்கு மேல எனக்கே ஒரு தெம்பு வந்துருச்சு. தூக்கறேன், கட்டிலை விட்டு எந்திரிக்கறாரு. பத்து நாள் கழிச்சுத் தூக்கறேன், நின்னே விட்டாரு. என்னோட பலந்தான்! அவரு என் தோள் மேல சாஞ்சு நிக்கறாரு, எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வருது. மறுநாள் ஓடிப்போயிப் பர்வீன்கிட்டச் சொன்னேன். அந்தப் புள்ளை சந்தோசப்படும்னு பாத்தா, கையில வெச்சிருந்த வட்டைக் கீழ வெச்சுட்டுக் கேக்குது. அம்மா, இங்க நீங்க அம்பதுதான் தூக்கறீங்க, எண்பத்திநாலு கிலோ ஆளை எப்படித் தூக்குனீங்கன்னு. எல்லாம் நீ சொல்லிக் குடுத்த முறைதான் கண்ணுன்னேன். ஐயாவை ஒருக்கா எடை போட்டுப் பாருங்கம்மான்னுச்சு. படுத்த மனுசனை எந்தத் தராசுல நிறுத்தறது, சொல்லுங்க.

ஆடி முடிஞ்ச மக்யா நாள், சொன்ன மாதிரியே கோகுல் வண்டியோட வந்துட்டான். போர்வையை எடுத்தேன், பெல்ட்டைக் கட்டுனேன், முட்டியை அணை குடுத்தேன். மாமா, எந்திரிக்கலாமான்னேன். தூக்கி, திருப்பி, வீல்சேர்ல உக்கார வெச்சேன். மூச்சுக்கூட வாங்கலை. திரும்பிப் பாத்தா பையன் சுவத்தைப் புடிச்சுட்டு நிக்கறான், கண்ணு கலங்கிப் போச்சு. ஆத்தாளைப் பாத்துப் பெருமையில அழுகறான்னு நான் நெனைச்சேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"அம்மா, அப்பா என்னம்மா இப்படி ஆயிட்டாரு. எலும்பும் தோலுமா இருக்காரேம்மா."

அது ஒண்ணுதான் அவன் கண்ணுல பட்டுச்சு. நாலு மாசமா நான் கையைக் காய்க்க வெச்சது படலை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பேசுன பேச்சுப்படி நடந்துக்கோ, வண்டியைத் திருப்புன்னுட்டேன். திருப்பிட்டான். ஆனா டாக்டரைக் கூட்டியாந்தான். டாக்டரு பாத்துட்டு, இவரு பட்டினி கெடக்கறாரு, மூக்கு வழியா டியூப் போட்டு ஆகாரம் குடுக்கணும்னு சொல்லி டியூப் போட்டாரு. அன்னிக்குச் சாயங்காலமே இடது கையால உருவி எறிஞ்சுட்டாரு. மறுபடி போட்டாங்க, மறுபடி உருவிட்டாரு. வேணாம். டாக்டரு என்கிட்டத் தனியாக் கேட்டாரு, இவருக்கு மனசுல எதாவது இருக்குதாம்மான்னு. என்ன இருக்கும்? நல்ல வைராக்கியக்காரரு, மூக்குல எதையோ மாட்டுனா உருவத்தான் செய்வாருன்னேன்.

அந்த ஆவணியும் பொரட்டாசியும் இருக்குதுங்களே, என் ஆயுசுல அப்படி இருந்ததில்லை. செல்வராசு போயாச்சு. ஹோமும் இல்லை. வீட்டுல நானும் அவரும். காலையில தூக்கி உக்கார வெச்சு நானே குளிக்க வெப்பேன். அவரு சுவத்துப் பக்கம் திரும்பவே இல்லை, என் மூஞ்சியவே பாத்துட்டு இருப்பாரு. சோப்புப் போட்டா கண்ணை இறுக்கி மூடிக்குவாரு, சின்னக் கொழந்தையாட்ட. குளிச்சு முடிச்சு வேட்டி கட்டி, திருநீறு பூசி, கேட்டுக்கிட்டக் கொண்டுபோய் வெச்சா, போறவங்க வர்றவங்க எல்லாம் ஃபோர்மேனே சௌக்கியமாம்பாங்க. இவரு அண்ணாந்து கம்பியைப் பாப்பாரு. எந்த எடத்துல லைன் தொங்கிட்டு இருக்குதுன்னு கை காட்டுவாரு. தெனமும் ரெண்டு தடவை, மூணு தடவை தூக்குனேன். தூக்கத் தூக்க எனக்குச் சுலபமாத்தான் ஆயிட்டு வந்துச்சு. அதுதான் பழக்கங்கறது. கடைசி வாரத்துல பெல்ட்டே வேண்டியிருக்கலை, கொழந்தையை எடுக்கற மாதிரி ரெண்டு கையிலயும் எடுத்துட்டேன்.

ஐப்பசியில போயிட்டாரு. விடிகாலையில. காப்பிக்குப் பால் வெச்சுட்டு வந்து எழுப்புனேன். எந்திரிக்கலை.

அவிநாசி வந்துருச்சாட்ட இருக்குது. டீ குடிக்கறீங்களா? வேண்டாமா? சரி.

ஒரம்பரை, சொந்த பந்தம் எல்லாம் வந்தாச்சு. குளிப்பாட்டறதுக்கு வாசல்ல பெஞ்சு போட்டாங்க. நான் எந்திரிச்சுப் போயி அவரு தோளுக்கடியில கையைக் குடுத்தேன். தெனமும் செய்யறதுதானே, வேற நெனப்பே இல்லை எனக்கு. என் சித்தப்பா பையன் குப்புசாமி, என் கையைப் புடிச்சு நகத்துனான்.

"அக்கா, நீ தள்ளு. இது ஆம்பளைங்க வேலை."

நங்கையாளும் என்னை இடுப்போட சேத்துப் புடிச்சுட்டாங்க. இருக்கறப்ப ஒரு ஆம்பளையும் வந்து ஒரு நாள் தூக்கலை. தூக்கறதுக்கு ஆளில்லைன்னுதானே ஹோமுக்கே பேச்சு எழுந்துச்சு. போனதும் நாலு பேரு வந்துட்டாங்க. தூக்கவும் தெரியலீங்க அவங்களுக்கு. அக்குள்ல கையை விட்டுத் தூக்குனாங்க, தலை பின்னால தொங்கிருச்சு. தலையைப் புடிங்கடா, தலையைப் புடிங்கடான்னு நான் கத்தறேன். பைத்தியம் புடிச்சுக் கத்தறாள்னு நெனைச்சிருப்பாங்க. அப்பக் குப்புசாமி பக்கத்துல இருக்கறவன்கிட்டச் சொன்னான், மெதுவாத்தான் சொன்னான், எனக்குக் கேட்டுருச்சு. "என்னடா, மாமன்கிட்ட ஒண்ணுமே இல்லையே."

நாலு ஆம்பளைங்க சேந்து தூக்குனா யாருதான் லேசா இருக்க மாட்டாங்க? நீங்களே சொல்லுங்க. நான் ஒருத்தியாத் தூக்குனேன். எண்பத்திநாலு கிலோ. இன்னிக்கு வரைக்கும் ஒரு வாயில இருந்தாவது, வசந்தாமணி தூக்குனான்னு வரலை. பாவம், கரைஞ்சு போயிட்டாரு, பாவம், கரைஞ்சு போயிட்டாரு, இதே பேச்சு. என் பையன்கூட அதைத்தான் சொல்றான். முந்தா நேத்து மருமககிட்டச் சொல்றான், அப்பா முப்பத்தெட்டு கிலோதான் இருந்தாராம், டாக்டரு சீட்டுல எழுதியிருக்குதாம். நான் பக்கத்து ரூம்ல படுத்திருந்தேன். அதோட பெட்டியைக் கட்டிட்டேன்.

கோயமுத்தூர் வர்றதுக்கு முந்தின நாளு ஜிம்முக்குப் போனேன். பர்வீன் வேற யாருக்கோ சொல்லிக் குடுத்துட்டு இருந்துச்சு. கண்ணு, எனக்கு எண்பத்திநாலு போட்டுக் குடுன்னேன். அவ்வளவு உங்களால ஆகாதும்மா, இப்பத்தான் அறுவது தூக்கறீங்கன்னுச்சு. போடு, நான் தூக்குனதுதான், எனக்குத் தெரியும்னேன். அது என் மூஞ்சியைப் பாத்துட்டுப் போட்டுச்சு. அந்த வட்டுல கணக்கா எண்பத்திநாலு வராதாம், எண்பத்தஞ்சுதான் வருமாம். ஒரு கிலோ கூட, போகட்டும்னேன். குனிஞ்சேன். முதுகு நேரா வெச்சேன். காலை ஊணுனேன். கம்பி தரையை விட்டுத் துளிகூட எழும்பலீங்க. மறுக்கா புடிச்சேன், எழும்பலை. மூணாந்தரம் உள்ளங்கைத் தோலு உரிஞ்சு ரத்தம் வந்துருச்சு. பர்வீன் வந்து என் கையைப் புடிச்சுட்டு, போதும்மா, போதும்மான்னு அழுகுது. அது எதுக்கு அழுகோணும்? எனக்குத்தான் புரியலை.

நீங்களும் ஏன் அப்படிப் பாக்கறீங்க? கண்ணைத் தொடைங்க. நான் பொய் சொல்லலீங்க. தூக்குனேன், தெனமும் தூக்குனேன். கம்பி வேற, மனுசன் வேறங்க. அவரைத் தூக்கறப்ப அந்த இடது கை இருக்குதே, அது வந்து என் கழுத்தைக் கட்டிக்கும், எந்திரிக்கறதுக்கு அவரும் கூட முக்குவாரு. கம்பி நம்ம கழுத்தைக் கட்டிக்குமா, சொல்லுங்க?